காக்கைக்குக் கொடுத்த வாக்கு

எங்கள் தெருவின் கோடி வீட்டு வாசலில் ஒரு சின்ன மரப்பலகை தொங்குகிறது. 'ப. அப்புசாமி, பி.ஏ., எல்.டி.' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். அவர் இங்கிலீஷில் எம்.ஏ. பாஸ் செய்தவர் என்பது ராசிபுரம் சந்தைக்கு நெய் விற்க வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். பெயருக்குப் பின்னால் ஒட்ட இரண்டு எழுத்துக் கிடைக்காதா என்று வாத்தியார்கள் ஆலாய்ப் பறக்கிற காலம் இது. 'பி.ஏ. ஃபெயில்' என்று கார்டு அச்சடித்துக்கொண்ட ஆளையும் நான் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கிற எம்.ஏ.யை இந்த மனிதர் ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டால், அடக்கம் என்கிறார்கள்.

அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. நான் அதே பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதன். பக்கத்து வகுப்பில் இருந்தவன். பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் பத்து வருஷமாக மனசுக்குள் வைத்திருக்கிறேன்.

அப்புசாமிக்கு முன்னால் எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவர் அவருடைய அண்ணன் காளியண்ணன். எம்.ஏ. பைத்தியம். வேலையில் இருக்கும் வாத்தியார்கள் வீட்டிலிருந்தே படித்து அந்தப் பரீட்சையை எழுதலாம். இரண்டு தடவை பட்டணம் போய் எழுதினார், இரண்டு தடவையும் தோற்றார். அவர் இடதுகைக்காரர். கரும்பலகையில் எழுதினால் எழுத்தெல்லாம் காற்றடித்த சோளப்பயிர் போலப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். மூன்றாம் தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, முப்பத்து மூன்றாம் வருஷம் மார்கழியில், விஷஜுரம் கண்டு பதினொரு நாளில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. மனைவி முத்தாயம்மாள் மட்டும்தான்.

கருமாதி அவர்கள் தோட்டத்துக் கிணற்றுமேட்டில் நடந்தது. நானும் போயிருந்தேன். இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்தார்கள். காக்கை வந்து வாய் வைத்தால்தான் செத்தவர் மனசு ஆறிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வீட்டார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கலாம். வேப்பமரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது. இறங்கவில்லை. உச்சிப்பொழுது போயிற்று, வெயில் சாய்ந்தது, அது உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

இப்படி ஆகும்போது உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, செத்தவரின் குறை எதுவோ அதைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுப்பார்கள். "உன்ற பொண்டாட்டியை நாங்க பாத்துக்கறோம், சாப்புடு சாமி" என்றார் மாமனார். காக்கை அசையவில்லை. "உன்ற பேர்ல குலசாமிக்கு ஒரு மணி வாங்கிக் கட்டறேன்" என்றார் ஒரு பங்காளி. பாடம் ஒப்பிக்கத் தெரியாத பையனைப் பார்ப்பதுபோல் அது தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

அப்புசாமி அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தார். படிப்பு என்றால் அவருக்கு வேப்பெண்ணெய்; எப்படியோ தட்டுத்தடுமாறிக் கரையேறியவர். காலையிலிருந்து பட்டினி வேறு. நாலு மணி சுமாருக்குப் பொறுக்கமாட்டாமல் எழுந்து மரத்தைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணா, உன்ற எம்.ஏ.யை நெனச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருக்கற? நானே படிச்சுப் பாஸ் பண்ணி உன்ற கையில குடுத்தர்றேன். எறங்கி வந்து சோத்தைத் தின்னு!"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். நானும்தான். சிரிப்பு அடங்குவதற்குள் காக்கை இலையில் இருந்தது.

அண்ணனுடைய இடம் காலியாக இருந்ததால் தலைமையாசிரியர் அப்புசாமியையே தற்காலிகமாக வைத்துக்கொண்டார். எல்.டி. பயிற்சி முடித்தால்தான் வேலை நிலைக்கும் என்றும் சொல்லிவிட்டார். எம்.ஏ. பேச்சை அப்புசாமி எடுக்கவே இல்லை. பசி நேரத்தில் சொன்னதெல்லாம் சத்தியமா என்பது அவர் எண்ணம். ஆனால் ஒரு மாதம் கழித்து முத்தாயம்மாள் ஒரு தகரப்பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். காளியண்ணனின் எம்.ஏ. புத்தகங்கள். ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை.

பெட்டியைத் திறந்தபோது நானும் கூட இருந்தேன். தடித்தடியாகப் பதினெட்டுப் புத்தகங்கள். ஓரங்களில் நீலப் பென்சிலில் காளியண்ணனின் சாய்ந்த எழுத்து. எட்டுப் புத்தகம் வரைக்கும் இருந்தது, ஒன்பதாவதில் பாதியில் நின்றது. மற்றவை வெள்ளை வெளேரென்று கிடந்தன. எங்கே நின்றது என்பதை நான் நன்றாகப் பார்த்து வைத்தேன்.

சும்மா புரட்டிப் பார்க்கலாமே என்றுதான் அப்புசாமி தொடங்கினார். ஆறு மாதம் கழித்து ஒருநாள் ஏதோ பேச்சில் பதினோராம் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் நீலப் பென்சில். அதே சாய்ந்த எழுத்து.

"இதை யார் எழுதியது?" என்று கேட்டேன்.

"அண்ணன் எழுதுனதுதானுங்க" என்றார், இயல்பாக.

மறுவாரம் அவர் வகுப்பில் பையன்கள் சிரிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்புசாமி பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். இடது கையால். எழுத்து பின்பக்கம் சாய்ந்திருந்தது. "சார், பீச்சாங்கையில எழுதறீங்க!" என்று ஒரு பயல் கத்தினான். அவர் திரும்பித் தன் கையைப் பார்த்தார். சாக்கட்டி கீழே விழுந்து உடைந்தது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் சைதாப்பேட்டைக்கு எல்.டி. படிக்கப் போனார். பெட்டியை எடுத்துப் போகவில்லை. அந்த வருஷம் முழுவதும் எனக்கு வந்த கடிதங்கள் அவருடைய சொந்தக் கையெழுத்தில், கோழி கிளறியதுபோல இருந்தன. எனக்குப் பெரிய நிம்மதி. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார், கை மறுபடி மாறிவிட்டது.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிப்பு என்றாலே கசந்த மனிதருக்கு அந்தப் புத்தகங்கள்மேல் ஆசை வந்துவிட்டது. சாதாரண ஆசை இல்லை. அவர் பாடம் எடுத்தால் மற்ற வகுப்புப் பையன்கள் சன்னலோரம் வந்து நிற்பார்கள். இங்கிலீஷ் தெரியாத நானும் போய் நிற்பேன். கவிதையை வாசித்துவிட்டுத் தமிழில் சொல்வார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, நான் தமிழையே அப்படிச் சொன்னதில்லை. "எனக்கு இப்பத்தானுங்க கண்ணு தெறந்திருக்குது, பண்டிதரே" என்பார். முப்பத்தேழாம் வருஷம் பரீட்சை எழுதினார். மூன்று மணி நேரமும் இடது கைதான் எழுதியது என்று பிறகு சொன்னார். பாஸ். பட்டமளிப்புக்குப் போய்ச் சுருட்டிய பட்டத்தைக் கையோடு வாங்கி வந்தார். கொஞ்ச நாளில் சேலத்தில் ஒரு காலேஜிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்தது.

அவர் மனைவி செல்லாயிக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. புருஷன் இடது கையால் சோறு பிசையத் தொடங்கியிருந்தார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"ஏனுங்க பண்டிதரே, ஊட்டுக்குள்ள நடக்கறதே பெரியவரு நடக்கற மாதிரி இருக்குதுங்க. எனக்கு என்ற ஊட்டுக்காரரு வேணுமுங்க. எம்.ஏ. யாருக்கு வேணும்?"

அவள் பிறந்த ஊரான தம்மம்பட்டிப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் போய்க் குறி கேட்டிருந்தாள். அண்ணனுக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னதை அண்ணனுடைய இலையில் வைத்துக் கொடுத்துவிட்டால் போதும், வந்த கை போய்விடும் என்று அவன் சொன்னானாம். "போறப்பக் கையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போவுமா, கூட வேறெதையும் எடுத்துக்குமான்னு என்னையக் கேக்காதே" என்றும் சொல்லியிருக்கிறான்.

இதைக் கேட்டதும் அப்புசாமி பட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். என்னிடம் மட்டும் சொன்னார்: "கை போனாப் போவட்டுமுங்க. படிச்சதும் போயிருமோன்னு பயமா இருக்குது. நான் குடுக்க மாட்டேன்."

அந்த வருஷத்துத் தெவசம் வந்தது. முந்தைய மூன்று தெவசத்திலும் காக்கை வைத்த உடனே தின்றிருந்தது. இந்தத் தடவை அதே வேப்பமரத்தில் வந்து உட்கார்ந்து இலையைப் பார்த்தது. இறங்கவில்லை. பொழுது சாய்ந்தது. உறவுக்காரர்கள் ஊர்ப்பட்ட வாக்கெல்லாம் கொடுத்து ஓய்ந்து, கடைசியில் சாமிமேல் பாரத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். முத்தாயம்மாள் சாப்பிடவில்லை. இலைக்கு எதிரே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் புதுச்சோறு வைத்தார்கள். காக்கை வந்தது, பார்த்தது, போயிற்று. அவள் தண்ணீரும் தொடவில்லை. அப்புசாமி பள்ளிக்கு வந்து பாடம் எடுத்தார். ஜேடர்பாளையம் அணைப்பக்கம் நடப்பதுபோல ஒரு கவிதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: ஆற்றில் வெள்ளம் போகிறது, ஒரு கிழவன் இக்கரையில் பரிசலுக்குக் காத்திருக்கிறான், அக்கரையில் அவன் வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டார்கள், அது இங்கிருந்தே தெரிகிறது. நான் சன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் மணி அடித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் செல்லாயி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். போனேன். முத்தாயம்மாள் கிணற்றுமேட்டில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. அப்புசாமி எதிரே நின்றார்.

"நங்கை, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றார். அண்ணன் மனைவியை அவர்கள் நங்கை என்பார்கள்.

"அவரு சாப்புடலியே சாமி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பட்டத்தைக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார், எனக்கு நிச்சயம் தெரியும்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பட்டத்தை எடுத்து வந்தார். வழியெல்லாம் அந்தக் கவிதையை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சொல்லிக்கொண்டே இருந்தால் தங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் பட்டத்தை வைத்தார்.

"இந்தா அண்ணா. இது உன்றது. எனக்கு ஒரே ஒரு பாட்டை மட்டும் உட்டுட்டுப் போ."

காக்கை இறங்கியது. பட்டத்தைத் தொடவில்லை. அதன் ஓரமாக நடந்து சோற்றைத் தின்றது. ஒரு பருக்கை விடாமல் தின்றது. முத்தாயம்மாள் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அப்புசாமியின் உதடு பாதி வரியில் நின்றிருந்தது. அடுத்த சொல்லைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் தேடவில்லை. நாங்கள் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் வலது கையால் சாப்பிட்டார். செல்லாயி தலைவாசலில் நின்று அழுதாள், சிரித்தாள். சேலத்துக்கு வரவில்லை என்று அவரே எழுதிப் போட்டுவிட்டார், கோழி கிளறிய எழுத்தில். சைதாப்பேட்டையில் கற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அது அவர் சொந்தமாகச் சம்பாதித்தது. அதை வைத்துக்கொண்டு பையன்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார். சன்னலோரம் யாரும் வந்து நிற்பதில்லை. தோட்டத்தில் அண்ணனுக்கு நட்ட கல்லில் 'காளியண்ணன், எம்.ஏ.' என்று வெட்ட வைத்தவர் அவர்தான்.

ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து உட்கார்ந்தார். கையில் அந்தக் கவிதை இருந்த புத்தகம்.

"படிக்கறனுங்க. ஒவ்வொரு வார்த்தையும் தெரியுது. ஆனா பின்னாலயே யாரோ பலகையைத் தொடைச்சுக்கிட்டு வார மாதிரி இருக்குது. நீங்க சன்னலோரம் நின்னு கேப்பீங்களாமே. நான் என்னுங்க சொன்னேன்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெள்ளம், கிழவன், அக்கரை விளக்கு. கண் கொட்டாமல் கேட்டார். எனக்கு அவர் சொன்னதை அவருக்கே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"அப்பறம்? பரிசல் வந்துச்சுங்களா?"

அன்றைக்கு மணி அடித்துவிட்டதால் எனக்கும் தெரியாது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்த் தலைமையாசிரியரிடம் கொடுத்து, படித்துச் சொல்லச் சொன்னேன். அவர் படித்துவிட்டு, "வரவில்லை. இருட்டிவிடுகிறது. அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் அப்புசாமியிடம், "வந்துச்சு" என்று சொன்னேன். குழந்தைபோலச் சிரித்தார். அடுத்த வாரம் அதே புத்தகத்தோடு வந்து, முதலிலிருந்து கேட்டார். பத்து வருஷமாகக் கேட்கிறார். நேற்றும் சாயங்காலம் வந்தார். பரிசல் வந்தது என்று சொல்லி அனுப்பினேன்.