சீரகம் போட்ட சீஸும் ஒரு சனிக்கிழமையும்

போன செவ்வாய்க்கிழமை அதியமான்கோட்டை பக்கம், ஹைவே ஓரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கடைக்குப் போனேன். வாசலில் ஆளுயர ஈஃபில் டவர். உள்ளே சுவரில் காற்றாலைப் படம், டூலிப் பூப் படம். மெனு கார்டின் மேல் ஐந்தாறு நாட்டுக் கொடிகள். ஒருவழியாகக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

நினைத்ததோடு சரி.

சீஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். சீஸ் பரோட்டா, சீஸ் தோசை, சீஸ் பஜ்ஜி, சீஸ் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ்... ஆர்டர் எடுக்க வந்தவர் மூச்சு விடாமல் சொன்னார். எதுக்குள்ளேயும் போடாத, எது மேலேயும் தூவாத வெறும் சீஸ், ஒரு கட்டியாக, கத்தியால் சீவித் தின்கிற மாதிரி இருக்கிறதா என்று விளக்கினேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கேட்டு வந்தார். அப்படியெல்லாம் யாரும் கேட்பதில்லையாம்.

சரி, வந்ததற்கு ஏதாவது சாப்பிடுவோம் என்று இத்தாலியன் பாஸ்தா சொன்னேன். வந்தது. கரம் மசாலா, கறிவேப்பிலை, மேலே ஒரு கைப்பிடி ஓமப்பொடி! பாஸ்தாவுக்கு எதற்கய்யா ஓமப்பொடி? கஸ்டமர் கேட்கிறார்களாம். நம் ஊருக்குள் எந்த நாட்டுக்காரனும் வரலாம், தடையே இல்லை. ஆனால் மசாலா தடவிக்கொள்ளாமல் உள்ளே விடமாட்டோம்.

அந்த நேரம் பார்த்துத்தானா மாதையன் வரவேண்டும்?

மாதையன் என் நாற்பது வருட சிநேகிதன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் காதில் ஒரு விஷயம் விழுந்தால் மறுநாள் பொம்மிடி ஸ்டேஷன் வரைக்கும் டிக்கெட் எடுக்காமலே போய்விடும். டீ குடிக்க வந்தவன் என் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எதிரில் உட்கார்ந்துகொண்டான்.

"உனக்கென்னய்யா இங்க வேல? இதெல்லாம் மனுசன் திம்பானான்னு எழுதினவன் நீதான?"

நான்தான். இதே பக்கத்தில்தான் எழுதினேன். உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். மகன் கார்த்தியோடு மூன்று மாதம் இருந்துவிட்டு நெதர்லாந்திலிருந்து வந்ததும், 'மரப்பலகை மேல் செங்கல்' என்று ஒரு பத்தி எழுதினேன். அந்த ஊர் ரொட்டியைச் செங்கல் என்றேன். சீஸை சோப்புக்கட்டி என்றேன். மருமகள் சனிக்கிழமைதோறும் இந்தச் செங்கலையும் சோப்பையும் பலகையில் அடுக்கி வைத்து அதற்கு 'லஞ்ச்' என்று பெயர் சூட்டுகிறாள் என்றேன். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கடிதம் போட்டீர்கள். இண்டூரிலிருந்து ஒருவர், "எங்க வூட்லயும் இதே கததானுங்க" என்று போனிலேயே கூப்பிட்டுச் சொன்னார்.

சிரிக்காத ஒரே ஆள் தீபா. என் மருமகள்.

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கார்த்தி, தீபா இருவருக்கும் அங்கே வேலை. தீபா காலை ஏழு மணிக்கே ரயிலைப் பிடிக்கப் போய்விடுவாள். வந்து சமைப்பாள். திங்கள் முதல் வெள்ளி வரை இதே ஓட்டம். நானும் மனைவியும் போனபோது சும்மா போகவில்லை. இருபத்து மூன்று கிலோ பெட்டியில் என் சட்டைகள் நாலு. மீதியெல்லாம் ராகி மாவு, சாமை, கொள்ளு, புளி. களி கிண்டுகிற துடுப்பைக்கூட வேட்டியில் சுற்றிக் கொண்டுபோனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பட்டினி கிடக்கக்கூடாது இல்லையா?

முதல் சனிக்கிழமை. மதியம் தீபா சமையல் மேடைப் பக்கமே போகவில்லை. ஒரு பலகையில் கறுப்பு ரொட்டி, மஞ்சளாக ஒரு சீஸ் கட்டி, வெள்ளரிக்காய், தக்காளி எல்லாம் வைத்தாள். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். நான் பலகையைப் பார்த்தேன். அவளிடம் சொல்லாமல், அவள் காதில் விழும்படி மகனிடம் சொன்னேன்.

"இதெல்லாம் மனுசன் திம்பானாடா?"

நம் ஊரில் மாமனார்கள் மருமகளைத் திட்டுவதில்லை. மகனிடம் பேசுவார்கள், அவ்வளவுதான். தீபா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அதற்கப்புறம் வந்த எந்தச் சனிக்கிழமையும் அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சில சனிக்கிழமை களி வேண்டும் என்று வேறு கேட்டிருக்கிறேன். துடுப்பு கையில் இருக்கிறதே!

பலகையையும் என் கேள்வியையும் மட்டும்தான் முன்பு எழுதியிருந்தேன், அதையும் சனிக்கிழமைதோறும் என்று ஊதிப் பெருக்கி. எழுதாத பாகம் இன்னும் இருக்கிறது.

ஒருநாள் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். எனக்குப் பசி. ஃப்ரிட்ஜைத் திறந்தால் அந்த மஞ்சள் கட்டிதான் முதலில் கண்ணில் பட்டது. உள்ளே புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. கூர்ந்து பார்த்தேன். சீரகம்! சீஸுக்குள் நம் சீரகம். இது என்ன கூத்து என்று ஒரு சீவல் எடுத்து வாயில் போட்டேன். அந்தச் செங்கல் ரொட்டியிலும் ஒரு துண்டு. லேசான புளிப்பு, உப்பு, நடுநடுவே கடிபடும் சீரகம்... அப்புறம் இன்னொரு சீவல்.

மறுநாளும். அதற்கு மறுநாளும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் திருட்டுச் சீஸ்தான். மேஜையில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்ததும் நான்தான், எல்லோரும் போனதும் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் நான்தான். ஊருக்கு வந்ததும் செங்கல், சோப்பு என்று எழுதியதும் இந்த மனுஷன்தான்.

நாக்கைப்போல நன்றி கெட்ட உறுப்பு வேறு உண்டா? திரும்பி வந்து இரண்டே மாதத்தில் அந்தச் சீஸைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. களி சாப்பிடும்போதுகூட நினைப்பு அங்கேதான்.

தேடினேன். யாருக்கும் தெரியாமல் தேடினேன். தர்மபுரியில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஃப்ரிட்ஜ் முழுக்க சீஸ். எல்லாம் பளபளப்புத் தாள் சுற்றிய சதுரம். பிய்த்து வாயில் போட்டால் ரப்பர் மாதிரி இருந்தது. சீரகம் போட்டது இல்லையா என்றால் சீரக பிஸ்கட்டை நீட்டினார்கள். இன்னொரு கடையில் சீரக சோடா. ஒரு பேக்கரியில் பிரவுன் பிரெட் என்று எழுதிப்போட்டிருந்ததைப் பார்த்து ஆசையோடு வாங்கினேன். கலர்தான் பிரவுன். உள்ளே அதே பஞ்சு, அதே சர்க்கரை. போதாததற்கு நடுவில் ஒரு டூட்டி ஃப்ரூட்டி வேறு. அது எப்படி அதற்குள் போனது என்று பேக்கரிக்காரருக்கே தெரியவில்லை.

ஓசூருக்குப் போங்கள் என்றார்கள். போனேன். பெங்களூருக்குப் போங்கள் என்றார்கள். எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது? அந்தச் சீஸின் பெயர் எனக்குத் தெரியாது. திருடித் தின்றவன் லேபிளையா படிப்பான்?

பெயர் தெரிந்தவள் ஒருத்திதான். அவளோ என் பத்தி வந்த நாளிலிருந்து என்னிடம் பேசுவதை இரண்டு வார்த்தைக்குள் முடித்துக்கொள்கிறாள். "நல்லா இருக்கீங்களா மாமா. அத்தைகிட்ட குடுங்க." அவ்வளவுதான். முன்பெல்லாம் ஆபீஸ் கதை, ரயில் கதை, பக்கத்து வீட்டு நாயின் கதை என்று அரைமணி நேரம் பேசுவாள். கார்த்தியிடம் ஜாடையாகக் கேட்டேன். அவ எல்லாத்தையும் படிச்சாப்பா என்றான். கேலி செய்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது எழுதுகிறவர்களுக்கு வரும் வியாதி. யாரைக் கேலி செய்தோமோ அந்த ஆளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவோம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். மாதையனிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சமாளித்ததாக நினைத்தேன். புதன்கிழமை காலை என் மனைவி சரோஜா காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஊரெல்லாம் சீஸ் தேடிட்டுத் திரியறீங்களாம்?"

நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் பேப்பரைக் கீழே இறக்கினாள்.

"தீபாகிட்ட கேக்கறது. அன்னிக்குப் பேசின வாய்தான, இன்னிக்குக் கேக்கட்டும்."

நம்பரையும் அவளே போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள். நானும் தப்பிக்க வழியில்லாமல் பேசினேன். மழை பற்றிக் கேட்டேன். குளிர் பற்றிக் கேட்டேன். பக்கத்து வீட்டு நாய் சௌக்கியமா என்று கேட்டேன். அப்புறம் கேட்டே விட்டேன். அந்தச் சீரகம் போட்ட சீஸுக்கு என்ன பெயரம்மா?

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"நீங்க தெனமும் சீவிச் சாப்டது எனக்குத் தெரியும் மாமா. அதனாலதான் வாரம் ரெண்டு கட்டியா வாங்கி வெச்சேன்."

ஏன்மா அப்போதே சொல்லவில்லை என்று ஒரு கேள்வி கேட்டேன் பாருங்கள்... இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஊருக்குப் போயி எழுதுவீங்கன்னு நெனைக்கல."

தப்புதான் தீபா என்றேன். அறுபத்து மூன்று வயதில் இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு கையே அதிகம். அவள் கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. சனிக்கிழமை அவளுக்குப் பசியே முக்கியம் இல்லையாம். அந்த ஒரு நாள் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்தால் போதுமாம். அதற்காகத்தான் அந்த ரொட்டி, சீஸ், பலகை எல்லாம். நான் செங்கல், சோப்பு என்று எழுதியது அடுப்பிலிருந்து அவளுக்கிருந்த ஒரே ஒரு லீவு நாளை.

சீஸின் பெயரை மெசேஜில் அனுப்புவதாகச் சொன்னாள். நம் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"கெடைக்கறத வெச்சு ஒரு சனிக்கிழமை நீங்க எடுத்து வைங்க மாமா. அத்தைக்கு லீவு குடுங்க."

அத்தைக்கு லீவா? கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அப்படி ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் ரிட்டயர் ஆனபோது மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து சரோஜா வைத்த வடை பாயசத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

சரி, நேற்று சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையே பேக்கரிக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, சர்க்கரை போடாமல் ஒரே ஒரு பிரெட் சுட்டு வாங்கியிருந்தேன். சர்க்கரை இல்லாவிட்டால் எவன் சார் வாங்குவான் என்று அவர் புலம்பிக்கொண்டேதான் கொடுத்தார். ரப்பர் சீஸைத் துண்டு போட்டேன். சீரகத்தை நானே வறுத்து, ஒவ்வொரு துண்டின் மேலும் விரலால் அழுத்திப் பதித்தேன். பாதி உதிர்ந்தது. வெள்ளரிக்காய் அரிந்தேன், தக்காளி அரிந்தேன். சப்பாத்திப் பலகையைக் கவிழ்த்து, அதன் மேல் எல்லாவற்றையும் அடுக்கினேன். சரோஜாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இன்றைக்கு நீ அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது, உனக்கு லீவு என்று அறிவித்தேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நிதானமாக மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் மனுசன் திம்பானா?"

வேண்டுமென்றே சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். எழுந்திருக்கிற உத்தேசமே இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டதும் தீபா என்ன செய்தாள் என்று யோசித்தேன். ஒன்றும் பேசாமல் எழுந்து அரிசி களைந்தாள். நானும் எழுந்து அடுப்பங்கரைக்குள் போனேன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். உளுந்து, கடலைப் பருப்பு, ரவை, மறுபடியும் உளுந்து...

அரிசி எங்கே இருக்கிறது என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

முப்பத்தாறு வருடமாக ஒரே இடத்தில்தான் இருக்கிறதாம்.