வியாழன் பிற்பகலின் அழுக்கு

மாவடிப்பள்ளியில் என் தங்கையின் கணவர் நடத்தும் அரிசி ஆலையில் உமியை எரித்தே நெல் அவிக்கிறார்கள். அப்புகையிலுள்ள சாம்பலை மின்னால் ஈர்த்துப் பிடிக்கும் கருவியொன்றை அவர் புகைபோக்கியில் பொருத்த விரும்பினார். பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம் அதற்கான உறுப்பொன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்.

அக்கருவியின் கட்டுப்பாட்டுப் பெட்டி முப்பதாயிரம் வோல்ற்று அழுத்தத்தில் நிற்கும். ஆலையின் சாதாரண மின்சாரத்தை அதற்கு ஊட்டும்போது இரண்டையும் பிரித்து வைப்பது தனிப்படுத்தும் நிலைமாற்றி என்னும் ஒரு மின்மாற்றி. அதன் இரு சுருள்களுக்கிடையே மின் கசியாமல் தடுக்கும் காவல் குலைந்தால், அத்தனை அழுத்தமும் கருவியைப் போட்டு அணைக்கும் சுவர் ஆளிவரை வந்துவிடும். நாள்தோறும் அந்த ஆளியைத் தொடப்போவது மச்சானின் கை.

விற்பனையாளர் நிலைமாற்றியில் இரு மாதிரிகளை அனுப்பியிருந்தார். ஒன்று வழவழப்பான பிசின் வார்ப்பு. மற்றதன் உடலைச் சுற்றி வயல் வரம்புகள் போல் மேடுகள். இரண்டும் நாற்பதாயிரம் வோல்ற்று தாங்கும் என்றது உடன்வந்த விவரத்தாள். மேற்பரப்பின் வழியே ஒழுகும் மின்னுக்கு மேடேறி இறங்கும் பாதை நீளமானது. ஆகவே எனக்கு இரண்டாவதே உவப்பு.

“அந்த இடுக்கெல்லாம் சாம்பல் அடையும் மச்சான். மத்ததெண்டா ஒரே துடையில துடைச்சிரலாம்,” என்றார் மச்சான்.

“எப்ப துடைப்பீங்க?”

“வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு மில் நிக்கிறதானே. மத்த நாள் ஆரு அதுக்குக் கிட்டப் போற?”

அவ்விடை என் கணக்கைத் திருத்தியது. தாளிலிருந்த எண் தூய நிலைமாற்றிக்கு உரியது; நமக்கு வேண்டியதோ ஆறு நாள் அழுக்கைச் சுமந்த பின்னும் தாங்குவது.

சனிக்கிழமை இரண்டையும் மின் கொடாமல் கொதிகலனருகே வைத்தோம். நீராவியும் உமிச்சாம்பலும் கடற்காற்றின் உப்பும் தம் வேலையைச் செய்தன. வியாழன் பிற்பகல், துடைக்காமலே, காவல் தடையை அளந்தேன். வழவழப்பானதில் அளவியின் முள் வெகுவாக இறங்கிவிட்டது. மேடுகளுடையதில் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது; மேடுகளின் அடிப்புறத்தில் சாம்பல் அவ்வளவாகப் படியவில்லை.

“தாள்ல எழுதினவன் நம்மட உமியைக் கண்டிருக்க மாட்டான்,” என்றார் மச்சான். இடுக்குகளில் துணி சுற்றிய விரல் நுழைவதையும் அவரே சோதித்துக்கொண்டார்.

மேடுகளுடையதையே வாங்கிக் கருவி பொருத்தி முடிந்த அன்று ஆளியின் முன் சற்று நின்றார்.

“நீங்க போடுங்க மச்சான். கணக்குப் பாத்தது நீங்கதானே.”

“பயமா?”

“பயமில்ல. மரியாதை.”

நான் ஆளியை அழுத்தினேன். மெல்லிய இரைச்சல் எழுந்தது. அவர் ஆளியை அணைத்தார். பின்னர் தம் கையாலேயே மீண்டும் போட்டுவிட்டு, நெல் அவியும் தொட்டிப் பக்கம் நடந்தார்.