வெயிலில் காயப்போட்ட கிடார்

என் கணவரின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பட்டாசு கம்பெனி நடத்துகிறது. அதனால் எங்கள் வீட்டில் எதற்கும் முதல் வைத்தியம் வெயில்தான். திரி ஈரமா, வெயிலில் போடு. மெத்தையில் வாடையா, வெயிலில் போடு. எனக்குச் சளி பிடித்தபோது மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, "அங்கன போயி அரைமணி நேரம் உக்காரு" என்று அனுப்பிய மனிதர் அவர். நான் ஆசை ஆசையாகச் செய்யச் சொன்ன கிடார் மட்டும் எப்படித் தப்பும்?

கல்லூரிக் காலத்திலிருந்து கிடார் வாசித்தவள் நான். நாலு வருஷத்துக்கு முன்னால், சீசன் நெருக்கடியில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லேபிள் வெட்டும் மெஷினில் என் இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. பெடலை மிதித்தவர் அவர். தாள் கோணலாக இருக்கிறதே என்று சொல்லாமல் கொள்ளாமல் கையை நீட்டியவள் நான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அன்றிலிருந்து அவர் அந்தக் கையைப் பார்ப்பதும் இல்லை. இடது கையால் நான் எதையாவது எடுத்தால் போதும், அவருக்கு உடனே எங்கிருந்தோ ஒரு போன் வந்துவிடும்.

கிடாரில் சி மேஜர் என்ற அடிப்படை ஸ்வரக்கட்டைப் பிடிக்க மோதிர விரல் நாலு கம்பிகளைத் தாண்டி ஐந்தாவது கம்பியை எட்ட வேண்டும். என் குட்டை விரலுக்கு எட்டவில்லை. கிடாரைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தேன். வலது கை ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து முழித்தது. சீ போ என்று பெட்டியில் போட்டு மூடினேன்.

மல்லாங்கிணறு என்ற ஊரில் ஒருவர் கையாலேயே கிடார் செய்கிறார் என்று தெரிந்தபோது அதனால் நம்பிக்கை இல்லாமல்தான் போய்ப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கதவு, நிலை செய்த தச்சர். இப்போது பெங்களூர்க்காரர்கள் எல்லாம் அவரிடம் வரிசையில் நிற்கிறார்கள். அவர் என் விரலைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தி மாவு ஒரு உருண்டை கொண்டுவந்தார்.

"கிடார்னு நெனச்சு நல்லா பிடிங்கக்கா. ஒங்க கையிக்குத் தக்கனதான் கழுத்து. கழுத்துக்குத் தக்கன கைய நீட்டச் சொல்லவா முடியும்?"

என் பிடி பதிந்த அந்த மாவை நிழலில் காயவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கிடாரின் கழுத்துத் தண்டைச் செதுக்கினார். ஏழு மாதம் ஆனது. மழை ஈரம் இருந்தால் பசையைத் தொடவே மாட்டாராம். இதைக் கேட்டு என் கணவருக்கு ஒரே குஷி. "நம்ம தொழில் மாதிரியே இருக்கே!" என்றார். அப்புறம் லைசென்ஸ் வேலையாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் வண்டி மல்லாங்கிணறில் போய் நின்றது.

"சாம்பிள் ஒண்ணு போட்டுப் பாத்தீகளா தம்பி?" என்பார், பட்டாசை வெடித்துப் பார்க்கும் நினைப்பில்.

"அண்ணாச்சி, ஆர்டரே ஒண்ணுதான். அதுல எங்கன சாம்பிள் போட?"

கார்த்திகையில் கிடார் வீட்டுக்கு வந்தது. "பாலீஷ் வாடை போக ஒரு மாசம் ஆகும். நிழல்லயே வைங்க" என்று தச்சர் என்னிடம் சொல்லித்தான் கொடுத்தார். நான் அதைத் துடைத்தேன், தடவினேன், மோந்து பார்த்தேன். வாசிக்க மட்டும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் ஓட்டினேன். பயம்தான். இதிலும் விரல் எட்டாவிட்டால் இனி எந்தக் கிடாரும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நாலாம் நாள் ஒரு கல்யாணத்துக்காக விருதுநகர் போயிருந்தேன். மழை விட்டு நல்ல வெயில். வாடை அடிக்கிறதே, பொண்டாட்டி அதனால்தான் வாசிக்க மாட்டேன் என்கிறாள் போல என்று என் கணவருக்குப் பாசம் பொங்கிவிட்டது. மொட்டை மாடியில் பாய் விரித்து, கிடாரைக் கிடத்தி, காக்காய் வராமல் பக்கத்திலேயே காவலும் இருந்திருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது கிடாரை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பலகையில் கம்பி கட்டும் இடத்திலிருந்து அடிவரை ஒரு விரிசல்.

"டப்புனு ஒரு சத்தந்தான் கேட்டுச்சு" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "வெரலு போனப்ப ஒரு வார்த்தை சொன்னேனா? ஒங்கள ஒரு வார்த்தை சொன்னேனா? இதையும் கெடுத்துட்டீகளே!" என்று கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் அன்று சாப்பிடவில்லை. நானும்தான்.

மறுநாள் மல்லாங்கிணறுக்கு நான் வண்டி ஓட்டினேன். அவர் கிடாரை ஈரத் துண்டால் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். செய்தவர் அதை வாங்கி, ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நெடுகப் பார்த்தார்.

"கழுத்து கோணவே இல்லையே. எம்புட்டு நேரம் வெயில்ல கெடந்துச்சு அண்ணாச்சி?"

"காலையிலருந்து மத்தியானம் வரைக்கும். நடுவுல மூணு தடவ திருப்பிப் போட்டேன் தம்பி. ஒரு பக்கமாக் காஞ்சா கோணிக்கிடுமில்ல."

"திருப்பி வேற போட்டீகளா!" அவர் சிரித்த சிரிப்பில் மரத்தூள் பறந்தது. "அதான் கழுத்து தப்பிச்சிருக்கு. விரிசல ஒட்டிக்கிடலாம்க்கா. கழுத்து போயிருந்தா, மறுபடி மாவு பெசையணும்."

பத்து நாள் கழித்துப் போனோம். விரிசலை ஒட்டி, உள்ளே சின்னச் சின்னக் கட்டைகள் வைத்திருந்தார். வாசலில் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு, "இன்னைக்கு வாசிக்காம வீட்டுக்கு விடமாட்டேன்" என்று கிடாரைக் கையில் கொடுத்தார். சுட்டு விரல், நடுவிரல். அப்புறம் குட்டை விரல். எட்டியது. ஐந்தாவது கம்பியில் போய் நின்றது. மீட்டினேன். சி மேஜர், சுத்தமாக.

என் கணவர் தள்ளி, வெயிலில் நின்றிருந்தார். போன் எதுவும் வரவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?" என்றார். நாலு வருஷம் கழித்து.

"அன்னைக்கு வலிச்சுச்சு. ரொம்ப வலிச்சுச்சு" என்றேன். "இப்ப இல்ல."

அவர் முகம் உடைந்துவிட்டது. ஸ்டூலில் பாதியை நகர்ந்து கொடுத்தேன்.

"வெயில்ல நின்னது போதும். இங்கன நெழலுக்கு வாங்க."