நெல் சிந்தாத டேப்லெட் கவர்

மன்னார்குடியில் பை, சாக்குத் தையல் என்றால் என்னைத்தான் சொல்வார்கள் என்று இறுமாந்திருந்தேன், என் கொழுந்தன் மனைவி கல்பனா டேப்லெட் கணினிக்குக் கையால் கவர் தைத்து விற்க ஆரம்பிக்கும்வரை. முதலில் தைத்தவை கீழே விழுந்தால் மூலை தாங்கவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

போன வாரம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, மூலையை மாத்தித் தச்சிருக்கேன். எப்படி இருக்குன்னு மறைக்காம சொல்லுங்க."

நூலை நகத்தால் நெம்பினேன். ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தேன். குறை அகப்படவில்லை. கடைசியில், சாக்கு தைத்தால் நாங்கள் செய்கிற சோதனையைச் செய்தேன். உள்ளே விதைநெல்லைக் கொட்டி, ஜிப்பை மூடி, தலைகீழாக உதறினேன். நாலு நெல்லாவது சிந்தாதா என்று மனசு அடித்துக்கொண்டது. தரையில் ஒன்றுகூட விழவில்லை.

"இந்த மூலையை எங்கே கத்துக்கிட்டே?" என் குரல் எனக்கே கடுகடுவென்று கேட்டது.

"நீங்க கொடுத்த பழைய பையைப் பிரிச்சுப் பார்த்தேன்க்கா. சொன்னா திட்டுவீங்கன்னு பயம்."

அது நான் பைக்கும் சாக்குக்கும் போடுகிற மடிப்பேதான். ஆனால் அழுத்திப் பார்த்தால், மடிப்புக்குள் ஸ்பாஞ்ச் வைத்திருந்தாள். அது எனக்குத் தோன்றவே இல்லையே! அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நல்லா இருக்கு," என்றேன். "இதை இங்கேயே வச்சுட்டுப் போ."

முகமெல்லாம் சிரிப்பாகப் போனாள். அவள் வாசலைத் தாண்டியதும் கத்தரிக்கோலை எடுத்து அந்த மூலையைப் பிரிக்க உட்கார்ந்தேன். பாதி பிரித்தபோதுதான் உறைத்தது. என் பையைப் பிரித்த அன்று அவளுக்கும் வயிறு இப்படித்தான் எரிந்திருக்கும்.