சீட்டா, டீச்சரா

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டேன். அந்தப் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. கட்சிப் பேச்சாளன் ஒருவன் ஏழைப் பெண் ஒருத்தியைக் காதலிப்பான். தலைவர் தன் மகளையும் தேர்தலில் நிற்க ஒரு தொகுதியையும் சேர்த்து நீட்டுவார். கடைசியில் அவன் மேடையிலேயே மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காதலியிடம் இறங்கி வருவான். தலைவர் மகளுக்கு மொத்தமே மூன்று காட்சிதான். ஒரு பாட்டுகூடக் கிடையாது.

காரைக்குடியில் அந்தப் படம் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். எழுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் அப்போதுதான் எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். கொட்டகை மாடியில் எங்களுக்குத் தனி சோபா போட்டார்கள். அதிலிருந்த மூட்டைப்பூச்சிகள் எந்தப் பதவியையும் மதிக்கவில்லை. பேச்சாளன் கடைசியாக மேடை ஏறும்போது இவர் எழுந்துவிட்டார்.

“தலவலிக்குது, போவோம்.”

வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. மைக்கைப் பிடித்தால் மணிக்கணக்கில் பேசுகிறவர் காதல் காட்சிக்குக் கூச்சப்படுகிறாரே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அடுத்த வாரம் அப்பா வந்திருந்தார். கட்சியில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம். பாதியில் எழுந்து வந்த கதையைப் பரிமாறிக்கொண்டே சொன்னேன். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

“பெறகு? மாப்பிள்ளைக்கு ஒரு டீச்சரு பழக்கம் இருந்துச்சுல்ல. சீட்டா, டீச்சரான்னு ஒரே கேள்விதான் கேட்டேன். சீட்டுன்னுட்டாரு. யோசிக்கக்கூட இல்ல. அதான் எனக்கு அவரப் புடிச்சுப்போச்சு.”

நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். வேறென்ன செய்ய?

அந்த டீச்சர் ஒருநாள் காலையில் எங்கள் வீட்டுக்கே வந்தாள். மனுக் கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உப்புக்காற்றில் கறுத்த முகம். பெயர் தெய்வானை என்றாள்.

“அம்மா காளையார்கோவில்ல கைகால் விழுந்து கெடக்கு. உங்க கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னையக் கடக்கரைப் பள்ளிக்கொடத்துக்குத் தூக்கிப் போட்டுட்டாக. பக்கத்துல ஒரு மாறுதல் வேணும். வேற ஒண்ணுக்கும் வரல.”

கடைசி வார்த்தை எனக்காகச் சொன்னது. யாரென்று புரிந்துவிட்டது.

உள்ளே போய்ச் சொன்னேன். இவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்த பேப்பரை இறக்கவில்லை.

“ஊர்ல இல்லன்னு சொல்லு.”

“ஒரு கையெழுத்துத்தானே கேக்குறாக.”

“போட்டா ஊரு என்ன பேசும்? உங்கப்பா என்ன பேசுவாரு?”

வெளியே வந்து, “அவுக மெட்ராசுக்குப் போயிருக்காக” என்றேன்.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“செருப்ப விட்டுட்டா போனாக?”

குரலில் கோபமே இல்லை. மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அதை வாங்கி வைத்திருக்கலாம். பிறகு அழுதாவது கையெழுத்து வாங்கியிருக்கலாம். உங்களிடம் மறைப்பானேன்? அவள் பக்கத்து ஊருக்கு வந்துவிடக் கூடாது என்று எனக்கும் இருந்தது.

அப்புறம் கட்சி உடைந்தது, பதவி போனது, அப்பா போனார். உட்கார ஆளில்லாமல் அந்தப் பெஞ்சையும் யாருக்கோ கொடுத்தோம். இவர் படுக்கையில் விழுந்த வருஷம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

“அந்த டீச்சருக்கு மாறுதல் கெடச்சுச்சா?”

“நீங்கதானே குடுத்திருக்கணும்” என்றேன்.

அன்று அதற்குமேல் அவருக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை.

அவர் காலமான பிறகு ஒருமுறை காளையார்கோவிலுக்குப் போனேன். பழைய கட்சிக்காரர் ஒருவர் சொன்ன அடையாளத்தை வைத்து, தெய்வானையும் தாயாரும் குடியிருந்த தெருவைத் தேடிக் கண்டுபிடித்தேன். வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. கடைக்காரரிடமும் எதிர்வீட்டிலும் விசாரித்தேன்.

“தெய்வானை டீச்சரா? அப்புடி யாரும் இங்குட்டு இருந்ததே இல்லையே ஆத்தா” என்றார்கள்.