கணக்கில் வராத காவல்காரன்

லின்டன் பிரையருக்கு யாரையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. ஃப்ரிட்ஜ் கதவை யார் எத்தனை முறை திறக்கிறார்கள் என்று எண்ண ஒரு கருவி செய்து மாட்டி, பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த ஆள்.

அந்த மனிதர் இரண்டு வருடம் உயிரைக் கொடுத்து ஒரு மாட்டுக்கதவு செய்தார். பசுவின் காதில் மாட்டிய அடையாள வில்லையைப் படித்து, கறக்க வேண்டியதை உள்ளே விடும். மற்றதை மேய்ச்சலுக்குத் திருப்பும். அதற்கு மூளை, சோப்பு டப்பா அளவில் ஒரு கணினிப் பெட்டி. பால்பண்ணைகள் நிறைந்த தரனாக்கி வட்டாரத்திலேயே அதை நம்பி மாட்டியவள் ஒருத்திதான்: அவரோடு பள்ளியில் படித்த மேரமா.

இப்போது அவளுடைய கொட்டகையில் கதவு மக்கர் செய்தது. பசு வந்து நின்று, மூக்கால் இடித்து, சாணியும் போட்டு முடித்த பிறகுதான் சாவகாசமாகத் திறந்தது. பின்னால் மந்தையே கத்தியது.

"லின்டன், சாயங்காலக் கறவைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா கழட்டி உன் வண்டியிலயே போட்டுடுவேன்" என்றாள் மேரமா.

போட்டால் சனிக்கிழமை ரக்பி மைதானத்தில் ஊரே சிரிக்கும். அப்புறம் எந்தப் பண்ணைக்காரன் வாங்குவான்?

லின்டன் பெட்டியில் லேப்டாப்பைச் செருகினார். பெட்டியின் சிப் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. யாரால்? அதைப் பிடிக்கத்தான் அவரிடம் காவல் நிரல் ஒன்று இருந்ததே! போன வாரம் வீட்டிலிருந்தபடியே பெட்டியில் ஏற்றியது. மற்ற நிரல்களின் நினைவக வரைபடங்களை நொடிக்கொரு தரம் பக்கம் பக்கமாகப் புரட்டி, யார் எவ்வளவு இடத்தை வளைத்திருக்கிறார்கள், எவ்வளவு உழைக்கிறார்கள் என்று திரையில் பட்டியல் போடும்.

"கேமராதான் திருடன்" என்று, வரும் மாட்டைப் பார்க்கக் கதவில் வைத்திருந்த கேமராவை நிறுத்தினார். கதவு அசையவில்லை. வில்லை படிக்கும் நிரலைத் திட்டினார். சிப் செய்தவனின் பரம்பரையையே திட்டினார்.

மேரமா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் கொஞ்சங்கொஞ்சந்தானே வேலை பாக்குது? அப்புறம் எவன்டா மாடா உழைக்கிறான்?"

லின்டன் பட்டியலைக் கூட்டினார். சிப் உழைப்பதில் கால்வாசிகூடத் தேறவில்லை. பட்டியலில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். காவல்காரனைப் போய் யார் சந்தேகப்படுவது என்று அதன் பெயரை அவரே நீக்கியிருந்தார்.

அதை நிறுத்தினார். கதவு படாரென்று திறந்தது. சாய்ந்து நின்ற பசு தடுமாறி உள்ளே ஓடியது.

"என்ன கோளாறு?"

தூசி, ஈரம் என்று ஏதாவது சொல்லிவிடலாம். மனசு வரவில்லை. "நான் வச்ச காவல்தான். எவன் வேலையக் கெடுக்கிறான்னு எல்லாரையும் நோண்டி நோண்டியே வேலையக் கெடுத்திருக்கு."

மேரமா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பெட்டி இருக்கட்டும்" என்றாள்.

லின்டனுக்குப் போன உயிர் வந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். "கறவை முடியற வரைக்கும் இப்படியே உக்காந்து ஒரு கண்ணு வச்சுக்கறேன்."

"பெட்டி இருக்கட்டும்னுதான் சொன்னேன்" என்றாள் மேரமா. "நீ கெளம்பு."