ஒற்றைச் செருப்பு

விழுப்புரத்தில் விளையாடியே என் மகளின் பயத்தைப் போக்கிய மனநல ஆலோசகர் மேடம், நரைத்த தலையோடு தரையில்தான் உட்காருவார். எழுந்து வெளியே போகும்போதெல்லாம் தன் செருப்பில் ஒன்றை அவளிடம் கொடுத்து, “ஒளிச்சி வெச்சிக்க. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்” என்பார். சொன்னபடியே திரும்பி வருவார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. கணவர் பிரிந்துபோனதிலிருந்து, நான் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய்விடக் கூடாதென்று மகள் தினமும் என் செருப்பை ஒளித்தாள். அதை நிறுத்தத்தானே அவளை இவரிடம் கூட்டிவந்தேன்?

“நீங்களே ஒளிக்கச் சொல்றீங்களே மேடம்!”

“அழுவாளேன்னு சொல்லாம நைசா போய்டறீங்க இல்ல, மொதல்ல அத நிறுத்துங்கம்மா.”

அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

மறுநாள், “ஆறு மணிக்கு வந்துடுவேன்” என்று சொல்லி, என் செருப்பில் ஒன்றை மகளிடம் கொடுத்தேன். பேருந்தில் எல்லோரும் என் வெறுங்காலைப் பார்த்தார்கள். சாயங்காலம் நான் திரும்பியபோது, மகள் அந்தச் செருப்பைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றாள்.